"25 கம்ப்யூட்டர் வாங்கணும், என்ன வாங்கலாம்?" – கஞ்சிக்கோடு பக்கம் ஐடி வேலை நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்குச் சொந்த ஊர் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை. தமிழ் மீடியத்தில் படித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, கோவையில் ஒரு சர்வீஸ் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். மதர்போர்டைக் கையில் எடுத்தால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஐடி எக்ஸிக்யூட்டிவ் வேலை நேர்காணலுக்குப் போனேன். டெக்னிக்கல் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஆபீசுக்கு 25 கம்ப்யூட்டர் வாங்கணும். நீங்க என்ன ரெகமெண்ட் பண்ணுவீங்க?"

ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி என்று ஒப்பித்தேன். "யார் யாருக்கு?" என்று கேட்டார் எதிரில் இருந்தவர். நான் அதை யோசிக்கவே இல்லை. வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் இதே கேள்விக்குக் கொஞ்சம் தேறினேன், ஆனால் வரிக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது இடத்தில்தான் வேலை கிடைத்தது. இப்போது அதே அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுக்கும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் நான் விழுந்த அதே இடத்தில் விழுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு எந்த மாடல் நல்ல மாடல் என்று தெரிய வேண்டியதில்லை. அதை டீலரே சொல்லிவிடுவார். நிறுவனத்தின் பணத்தை உங்கள் கையில் கொடுத்தால் எப்படி யோசிப்பீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

1. பத்து நாள் முன்பே: அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று பாருங்கள்

கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன, எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, உணவுப் பொருள் இருக்கிறது. பாலக்காட்டுக்குள் போனால் ஆஸ்பத்திரி, கல்லூரி, நிதி நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. இரும்பு ஆலையில் எடைமேடை இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டருக்கு எடைக் கருவியை இணைக்கப் பழைய சீரியல் போர்ட் வேண்டும். சலான் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஷெட்டுக்குள் இரும்புத் தூசி பறக்கும், ஃபேன் வைத்த கேபினெட் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் யாரும் கேட்காமலே நீங்கள் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

முடிந்தால் ஒருமுறை அந்தப் பக்கம் போய் கேட் வரைக்கும் பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை ஷிஃப்ட், ஆபீஸ் கட்டடம் தனியா, ஷெட்டுக்குள்ளேயா என்பது கேட் வாசல் டீக்கடையிலேயே தெரிந்துவிடும்.

மத்திய அரசு நிறுவனம் என்றால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஜெம் எனப்படும் அரசு மின் சந்தை வழியாகத்தான் வாங்குவார்கள். "எனக்குத் தெரிந்த டீலர் இருக்கிறார்" என்று அங்கே சொல்லிவிடாதீர்கள்.

2. பதில் சொல்வதற்கு முன் கேள்வி கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. "என்ன வாங்கலாம்?" என்று கேட்டதும் மாடல் பெயர் சொல்லாதீர்கள். "சொல்றேன் சார், அதுக்கு முன்னாடி நாலஞ்சு விஷயம் கேட்டுக்கலாமா?" என்று ஆரம்பியுங்கள். கேட்க வேண்டியவை இவை.

யார் பயன்படுத்தப் போகிறார்கள்? அக்கவுண்ட்ஸில் டேலி ஓட்டுபவருக்கும், டிசைனில் ஆட்டோகேட் ஓட்டுபவருக்கும், கேட்டில் வண்டி நம்பர் பதிகிறவருக்கும் ஒரே மெஷின் வேண்டியதில்லை. 25 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்துவிட்டாலே பாதிப் பதில் வந்துவிடும்.

இப்போது இருக்கும் மெஷின்கள் என்ன? எத்தனை வருடப் பழசு? விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பல அலுவலகங்கள் இப்போது ஒட்டுமொத்தமாக வாங்க நினைப்பதற்கு இதுவே காரணம். பணம் கட்டிப் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம், ஆனால் நிறுவனங்களுக்கு அது முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருடம் இரட்டிப்பு, அதற்கடுத்த வருடம் மறுபடி இரட்டிப்பு. மூன்று வருடம் கட்டினால் 61, 122, 244 என்று மொத்தம் 427 டாலர். அந்தப் பணத்தில் புது மெஷினின் பெரும்பகுதி வந்துவிடும். இந்தக் கணக்கை நேர்காணலில் சொல்லுங்கள், நிச்சயம் எடுபடும்.

இருக்கும் மெஷின்களில் எவை விண்டோஸ் 11க்கு மாறும்? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். 25 மெஷினில் எட்டோ பத்தோ தேறினால் அவற்றுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் மட்டும் போட்டால் போதும். "25ம் வாங்க வேண்டியதில்லை சார், முதலில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்கிற ஆளை யாருக்குத்தான் பிடிக்காது?

பட்ஜெட் எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா? எப்போதுக்குள் வேண்டும்? ஏற்கெனவே சர்வர், டொமைன் (எல்லா மெஷினையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கிறதா? மானிட்டர்கள் பழசையே வைத்துக்கொள்ளலாமா?

இங்கே ஒரு சின்ன விஷயம். கேள்வி கேட்பவர் மலையாளத்தில் பேசினால் உங்களுக்குத் தெரிந்த மலையாளத்தில் பேசுங்கள், தவறில்லை. "பட்ஜெட் எத்ரயாணு சார்?" என்று கேட்டால் போதும். நம் எல்லைப் பேச்சை யாரும் குறையாக நினைப்பதில்லை. தெரியாத வார்த்தை வந்தால் ஊகித்துப் பதில் சொல்லாமல் திரும்பக் கேட்டுவிடுங்கள்.

3. மெஷின் விவரத்தைக் காரணத்தோடு சொல்லப் பழகுங்கள்

சாதாரண அலுவலக வேலைக்கு ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இன்றைக்கு இது போதும். 8 ஜிபி போதுமா என்று கேட்பார்கள். விண்டோஸ் 11 ஓட 4 ஜிபி போதும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. ஆனால் பிரவுசரில் பத்து டேப், டேலி, எக்செல், வாட்ஸ்ஆப் வெப் எல்லாம் திறந்து வைத்திருக்கும் ஆளுக்கு 8 ஜிபி திணறும். ஐந்து வருடம் ஓட வேண்டிய மெஷினில் ரேமில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்படியே பட்ஜெட் இடிக்கிறது என்றால் 8 ஜிபியோடு வாங்கி இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சில லேப்டாப்பில் ரேமைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், பிறகு ஏற்ற முடியாது.

டிசைன் ஆட்களுக்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டு உள்ள வொர்க்ஸ்டேஷன், 32 ஜிபி. கேட், எடைமேடை, ஸ்டோர்ஸ் இவற்றுக்குச் சின்ன மெஷின், ஆனால் சீரியல் போர்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா? இடத்தை விட்டு நகராதவருக்கு டெஸ்க்டாப் அல்லது மினி பிசி, வெளியே போகிறவருக்கு லேப்டாப். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

கன்ஸ்யூமர் மாடலையும் பிசினஸ் மாடலையும் குழப்பாதீர்கள். ஷோரூமில் தள்ளுபடியில் கிடைக்கும் லேப்டாப் வீட்டுக்கு. அலுவலகத்துக்கு லெனோவோவில் திங்க்பேட், திங்க்சென்டர், ஹெச்பியில் புரோபுக், எலைட்புக், ஏசரில் வெரிடன், அசுஸில் எக்ஸ்பர்ட்புக் என்று தனி வரிசை இருக்கிறது. டெல் 2025ல் பழைய பெயர்களை மாற்றி பிசினஸ் வரிசைக்கு டெல் புரோ என்று பெயர் வைத்தது. இன்னும் லேட்டிட்யூட், ஆப்டிபிளெக்ஸ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பழைய ஆள் என்று நினைப்பார்கள்.

இப்போது பெரிய பொறி: விண்டோஸ் ஹோம். ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது, எல்லா மெஷினுக்கும் ஒரே விதி வைக்கும் குரூப் பாலிசி கிடையாது. அலுவலகத்துக்குப் புரோ வேண்டும். "டாஸ்" என்று எழுதியிருக்கும் கொட்டேஷன் விலை குறைவாகத் தெரியும், அதில் விண்டோஸே இருக்காது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் விண்டோஸ் கீயைப் போடலாம் என்று நேர்காணலில் வாய் தவறியும் சொல்லாதீர்கள். சர்வீஸ் கடையில் பழகிய நாக்கு அப்படித்தான் வரும், எனக்கும் வந்தது. லைசென்ஸ் தணிக்கை வந்தால் மாட்டப் போவது நிறுவனம்.

கூடவே நெட்வொர்க்கையும் நினைவில் வையுங்கள். 25 மெஷினுக்கு 24 போர்ட் ஸ்விட்ச் போதாது. பிரிண்டர், வைஃபை, சிசிடிவி, சர்வருக்குப் போகும் இணைப்பு எல்லாம் எங்கே செருகுவது? இந்தக் கேள்வியை வேண்டுமென்றே 25 என்று வைத்துக் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

4. பணக் கணக்கும் வரியும்

நான் இரண்டாவது முறை விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு மெஷின் 45,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 25 மெஷினுக்கு 11,25,000. வரி 2,02,500. மொத்தம் 13,27,500. இதில் நிறுவனத்துக்கு உண்மையான செலவு எவ்வளவு? ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிற்சாலை என்றால் அந்த 2,02,500ஐ இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே செலவு 11,25,000தான். ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளி போன்ற வரிவிலக்குள்ள சேவை தரும் இடமாக இருந்தால் அந்தக் கிரெடிட் கிடைக்காது, 13,27,500 முழுவதும் செலவு. ஒரே மெஷின், ஒரே டீலர், ஆனால் இரண்டு லட்சம் வித்தியாசம். இதைச் சொல்கிற ஐடி ஆளை அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு மிகவும் பிடிக்கும், நேர்காணலில் அவரும் உட்கார்ந்திருப்பார்.

நமக்கே உரிய எல்லைப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. கோவையில் விலை குறைவு, ஸ்டாக் அதிகம் என்று அங்கே வாங்குவது வழக்கம். பாலக்காட்டு டீலரிடம் வாங்கினால் பில்லில் மத்திய ஜிஎஸ்டி 9, கேரள ஜிஎஸ்டி 9 இருக்கும். கோவை டீலர் கேரள முகவரிக்கு அனுப்பினால் மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18 இருக்கும். இரண்டிலும் கிரெடிட் கிடைக்கும். ஆனால் கோவைக் கடையில் போய் நின்று அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு, அவர்கள் தமிழ்நாட்டு வரி போட்டுப் பில் கொடுத்துவிட்டால், கேரளாவில் பதிவான நிறுவனம் அந்த வரியைக் கிரெடிட்டாக எடுக்க முடியாது. அந்த 18 சதவீதம் போனதுதான். எனவே பில் போடும் முன்பே நிறுவனத்தின் கேரள ஜிஎஸ்டி எண்ணையும் டெலிவரி முகவரியையும் கொடுத்து, ஐஜிஎஸ்டி என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

வாளையாரில் விற்பனை வரிச் சோதனைச் சாவடி 2017ல் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. ஆனாலும் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டினால் அதோடு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு வேண்டும். "கார் டிக்கியில் நாலு லேப்டாப் வைத்துக் கொண்டுவந்துவிடலாம்" என்பது வேண்டாம். டீலரையே இ-வே பில் போடச் சொல்லுங்கள். 200 கிலோமீட்டருக்குள் என்றால் அது ஒரு நாள் செல்லும், கோவை டூ கஞ்சிக்கோடு அதற்குள் வந்துவிடும்.

தேய்மானமும் தெரிந்திருக்கட்டும். மெஷினின் மதிப்பு வருடா வருடம் குறைவதைச் செலவாகக் காட்டுவதுதான் அது, வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம். வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான், அதாவது 20. செப்டம்பருக்குள் வாங்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதற்கும் மார்ச்சில் வாங்குவதற்கும் வித்தியாசம் இதுதான். எப்போது வாங்கலாம் என்று கேட்டால் இதைச் சொல்லிவிட்டு, "முடிவு அக்கவுண்ட்ஸில் கேட்டுக்கொள்ளலாம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரண்ட் கணக்கு ஒன்று. பழைய டவர் மெஷின் 80 வாட், மினி பிசி 30 வாட் என்று வைத்தால் வித்தியாசம் 50 வாட். ஒரு நாள் 8 மணி நேரம், வருடம் 300 நாள். ஒரு மெஷினுக்கு 120 யூனிட், 25 மெஷினுக்கு 3,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் வருடம் 24,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 1,20,000. இந்த மாதிரி ஒரே ஒரு கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்து வைத்திருந்தால் போதும்.

5. வாரண்டி, யுபிஎஸ், இடி

ஒரு வருட வாரண்டி உள்ள மலிவு மெஷினை விட மூன்று வருட ஆன்சைட் வாரண்டி உள்ளது நல்லது. ஆன்சைட் என்றால் ஆள் வருவார். கேரி-இன் என்றால் நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். "அடுத்த வேலைநாள் சர்வீஸ்" என்று எழுதியிருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு அது உண்டா என்று கேளுங்கள். கஞ்சிக்கோட்டுக்கு வரும் இன்ஜினியர் மலைமேல் இருக்கும் நெல்லியாம்பதி எஸ்டேட் ஆபீசுக்கும் மறுநாளே வந்துவிடுவார் என்று நம்ப முடியாது. மெஷின் வந்த அன்றே சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். டீலர் கிடங்கில் இரண்டு மாதம் கிடந்த மெஷினுக்கு அந்த இரண்டு மாதம் ஏற்கெனவே கழிந்திருக்கும். பில்லைக் காட்டினால் திருத்தித் தருவார்கள்.

யுபிஎஸ் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். தனித்தனியாக 600 விஏ வைப்பதா, மொத்தமாக ஒரு ஆன்லைன் யுபிஎஸ் வைப்பதா? மெஷினும் மானிட்டரும் சேர்த்து 120 வாட் என்று எடுத்தால் 15 மெஷினுக்கு 1,800 வாட், 3 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் தாங்கும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகக் கூடாது. இது ஒரு பழைய கேள்வி, இன்னும் கேட்கிறார்கள்.

துலாவர்ஷத்தில், அதாவது அக்டோபர், நவம்பரில், சாயங்காலம் அடிக்கும் இடி பாலக்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஒரே இடியில் ஸ்விட்சும் அதில் மாட்டியிருக்கும் மெஷின்களின் நெட்வொர்க் போர்ட்டும் போய்விடும். வாரண்டியில் இடி சேராது. கட்டடம் தாண்டினால் ஃபைபர், நல்ல எர்த்திங், சர்ஜ் புரொடக்டர் – இவை மூன்றையும் உங்கள் பரிந்துரையில் ஒரு வரியாவது எழுதுங்கள். நான் வேலை வாங்கிய நேர்காணலில் எதிரில் இருந்தவர் இந்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தார்.

6. உண்மையான கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள்

நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு கோவையில் ஒன்று, பாலக்காட்டில் ஒன்று, இரண்டு டீலரிடமாவது 25 மெஷினுக்கு விலை கேளுங்கள். வாங்கப் போவதாகப் பொய் சொல்ல வேண்டாம், நேர்காணலுக்குத் தயாராகிறேன் என்று சொன்னாலே பல பேர் உதவுவார்கள். எனக்கு ஒரு அண்ணன் பழைய கொட்டேஷன் ஒன்றைப் பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் பாதி கற்றுக்கொண்டேன்.

கொட்டேஷனில் கவனிக்க வேண்டியவை: மாடலின் முழுப் பார்ட் எண், விண்டோஸ் பதிப்பு, வாரண்டி வருடம், ஜிஎஸ்டி தனியாகவா சேர்த்தா, டெலிவரி நாள், பணம் கட்டும் முறை, விலை எத்தனை நாள் செல்லும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறத் தொடங்கியதால் டீலர்கள் விலையை நீண்ட நாள் பிடித்து வைப்பதில்லை. கொட்டேஷன் வாங்கி ஒரு மாதம் கழித்து ஆர்டர் போடும் அலுவலகம் என்றால் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

7. ஒரு பக்கப் பரிந்துரை எழுதி எடுத்துப் போங்கள்

ஒரு பக்கம்தான். இரண்டாவது பக்கம் யாரும் படிக்க மாட்டார்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

தேவை: 25 பேர். அலுவலகம் 18, டிசைன் 3, கேட் மற்றும் ஸ்டோர்ஸ் 4.
பரிந்துரை: அலுவலகத்துக்கு மினி பிசி, 16 ஜிபி, 512 ஜிபி, விண்டோஸ் 11 புரோ. டிசைனுக்கு வொர்க்ஸ்டேஷன், 32 ஜிபி. கேட்டுக்குச் சீரியல் போர்ட் உள்ள சிறிய டவர்.
வாரண்டி: மூன்று வருடம் ஆன்சைட்.
கூடுதல் செலவு: யுபிஎஸ், ஸ்விட்ச், பழைய மானிட்டருக்குக் கன்வெர்ட்டர்.
மாற்று வழி: பட்ஜெட் குறைந்தால் 10 பழைய மெஷினை மேம்படுத்தி 15 மட்டும் வாங்கலாம்.
கால அளவு: ஆர்டரிலிருந்து டெலிவரி மூன்று வாரம், பிறகு ஐந்து ஐந்தாக மாற்ற இரண்டு வாரம்.
பழைய மெஷின்: டிஸ்கை அழித்துவிட்டுப் பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்துச் சான்று வாங்குவது.

மாற்று வழி என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு தேர்வை மட்டும் கொண்டுபோனால் "வேண்டாம்" என்று சொல்வது சுலபம். கன்வெர்ட்டர் வரியும் சின்ன விஷயம் இல்லை. பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கும், புது மெஷினில் ஹெச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும் மட்டும் இருக்கும். மெஷின் வந்து இறங்கிய அன்று 18 கன்வெர்ட்டருக்காகப் பாலக்காடு டவுனுக்கு ஓடியவன் நான்.

8. ஆவணங்கள்

சான்றிதழ் அசல்கள், இரண்டு செட் போட்டோஸ்டாட், ஆதார், பான், முந்தைய வேலையின் அனுபவக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பிஎஃப் இருந்தால் யுஏஎன் எண், நான்கு போட்டோ. சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. முதலாளியிடம் லெட்டர் ஹெட்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். இதற்கு ஒரு வாரமாவது ஆகும், அதனால் முதலில் இதைத்தான் தொடங்க வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு அதிகம் வரும் சிக்கல் பெயர். சான்றிதழில் இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டு. தமிழ்நாட்டில் படித்துவிட்டுக் கேரளாவில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல். ஆதாரையும் பானையும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். பிஎஃப் கணக்கு தொடங்கும்போது பெயர் பொருந்தாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

செலவு எனக்கு அதிகம் ஆகவில்லை. போட்டோஸ்டாட், பிரிண்ட், போட்டோ, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. வேலை வாங்கித் தருகிறேன், யூனிஃபார்ம் டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சரியான நிறுவனம் நேர்காணலுக்குப் பணம் வாங்காது.

9. அன்றைய நாள்

கோவையிலிருந்து வருகிறவர்கள் உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறி கஞ்சிக்கோட்டில் இறங்கலாம். ரயிலில் வந்தால் எல்லா வண்டியும் கஞ்சிக்கோட்டில் நிற்காது, பாசஞ்சர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் யானை நடமாட்டத்தால் ரயில்கள் மெதுவாகப் போகும் பகுதி இருக்கிறது, அதையும் சேர்த்து நேரம் கணக்குப் போடுங்கள். முதல் நாள் இரவே ஹர்த்தால் (முழு அடைப்பு) ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறிவித்திருந்தால் உடனே எச்ஆருக்குப் போன் செய்து தேதி கேளுங்கள், அவர்களுக்கும் அது பழக்கம்தான்.

உள்ளே தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது சார், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். வாங்கும் வேலையில் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்பவர்தான் ஆபத்து. "டீலர் உங்களுக்குத் தனியாக ஏதாவது கொடுத்தால்?" என்றும் கேட்பார்கள். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், முடிவு மேனேஜர் கையெழுத்தில் – இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

10. நேர்காணல் முடிந்த பிறகு

அன்று சாயங்காலமே எச்ஆருக்கு ஒரு சின்ன மெயில். பேசும்போது "பார்த்துச் சொல்கிறேன்" என்று விட்ட கேள்விக்குப் பதிலையும், உங்கள் ஒரு பக்கப் பரிந்துரையில் அவர்கள் சொன்ன திருத்தத்தைச் சேர்த்த புதுப் பிரதியையும் அனுப்புங்கள். எனக்கு 12 நாள் கழித்துதான் பதில் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள். வந்த பிறகு சேரும் தேதி, பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம், புரொபேஷன் மாதம், நோட்டீஸ் காலம் இந்த நான்கையும் படியுங்கள். பழைய இடத்தில் ரிலீவிங் கடிதம் தர 15 நாளோ ஒரு மாதமோ கேட்டால், அதைச் சேரும் தேதி முடிவாவதற்கு முன்பே புது இடத்தில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.